சுவரும் செவியும்

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பாடஞ்சொல்லும் முறையை வகுக்கும் பவணந்தி முனிவர், ஆசிரியன் முதற்கண் கருத வேண்டியவை காலமும் இடமுமே என்கிறார். சொல்ல வேண்டிய பொருளை உள்ளத்தில் அமைத்துக் கொள்வதும், கொள்வோனின் இயல்பை அறிவதும் அவற்றின் பின்னரே வருகின்றன. பாடங்கேட்கும் முறையை அவர் உரைக்குமிடத்தில், மாணவனின் செவி உணவை ஏற்கும் வாயாக உருவகம் பெறுகிறது. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கூறப்பட்ட இவ்விரு கருத்துகளும் இன்று ஒரு பள்ளிக் கட்டடத்தை மதிப்பிடுவதற்கும் போதுமானவை. இடம் தகுந்ததா? அவ்விடத்தில் செவிக்கு உணவு கிடைக்கிறதா?

புதிய பள்ளிகளின் வரைபடங்களில் இந்நாளில் ‘திறந்த கற்றல் வெளி’ என்னும் தொடர் அடிக்கடி இடம்பெறுகிறது. நீண்ட தாழ்வாரத்தை ஒட்டி அடைத்த அறைகளை வரிசையாக அடுக்குவதற்கு மாறாக, நடுவே அகன்ற ஒரு கூடம், சிறு குழுக்கள் அமரும் மூலைகள், நகர்த்தத்தக்க தடுப்புகள், முன்றில், தோட்டம் ஆகிய அனைத்தையும் கற்கும் இடமாகக் கொள்வதே அதன் பொருள். பேராக் மாநிலத்தில் இவ்வினா வெறும் கட்டடக்கலைச் செய்தியன்று. ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறிய பின், தோட்டப் பள்ளிகள் பல நகர்ப்புறத்திற்கு இடம்பெயர்ந்து புதுக் கட்டடம் காண்கின்றன. ஒருமுறை எழுப்பிய கட்டடம் ஐம்பது ஆண்டுகள் நிற்கும். நூல் வெளிவந்த பின் திறனாய்வு செய்யலாம். கட்டடத்தையோ எழும்புவதற்கு முன்பே திறனாய்வு செய்தாக வேண்டும்.

தோட்டத்துக் கொட்டகை

சுவரில்லாப் பள்ளி மேலைநாட்டிலிருந்து வந்த புதுமை என எண்ணுவோர், காம்பார், கோப்பெங், தாப்பா வட்டாரத் தோட்டங்களின் பழைய பள்ளிகளை மறந்தவராவர். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி அமைத்துத்தர வேண்டும் என விதித்தது. அவ்விதியின் எழுத்தை நிறைவேற்றுவதற்குப் பல நிர்வாகங்களுக்கு ஒரு கொட்டகையே போதுமானதாயிற்று. லயத்துக்கு அருகில், தகரக் கூரையின்கீழ் மரப்பலகையால் இடுப்பளவு அடைத்த ஒற்றைக் கூடம், அதில் சில நீள்வாங்குகள், ஒன்றோ இரண்டோ கரும்பலகை, ஓர் ஆசிரியர். தொடக்கக் காலத்தில் அவ்வாசிரியரே தோட்டத்தில் வேறு பணியும் பார்த்தவராக இருந்ததுண்டு.

அதே கிந்தா பள்ளத்தாக்கில், காம்பாருக்கு வடமேற்கே பத்து காஜாவை அடுத்து, கிந்தா கெல்லாஸ் தோட்டத்தின் உரிமையாளரான வில்லியம் கெல்லி சுமித் 1915-ஆம் ஆண்டு தமக்கொரு மாளிகை எழுப்பத் தொடங்கினார். மதுபானம் வைப்பதற்கென நிலவறையும், ஏறி இறங்க மின்தூக்கிக்கென ஒரு கூண்டும் அதில் திட்டமிடப்பட்டன. 1926-இல் அவர் இறந்தபோது அது முற்றுப்பெறவில்லை. இன்றும் சுற்றுலாப் பயணியர் அதனைக் காண வருகின்றனர். ஒவ்வொரு தேவைக்கும் ஓர் அறை என்பது அக்காலத் தோட்டத்தில் முதலாளிக்கு உரிய வாழ்வு. எல்லாத் தேவைக்கும் ஒரே கூடம் என்பது தொழிலாளியின் பிள்ளைக்கு வாய்த்தது.

அக்கூடத்தில் பாடம் நடந்த விதத்தை முதிய ஆசிரியர் பலரும் ஒரே வகையாக நினைவுகூர்வர். ஒரு மூலையில் முதல் வகுப்பு எழுத்தை உரக்கச் சொல்லும். எதிர் மூலையில் மூன்றாம் வகுப்பு வாய்பாடு ஒப்பிக்கும். நடுவே ஆறாம் வகுப்புக்குச் சொல்வதெழுதுதல் நடக்கும். ஆசிரியர் ஒரு வகுப்பைக் கவனிக்கையில் மற்றொன்றைப் பெரிய மாணவன் ஒருவன் கவனிப்பான். பிற்பகல் மழை தகரத்தில் இறங்கிவிட்டால் எந்த மூலையிலும் எந்தக் குரலும் கேளாது. இன்றைய நூல்கள் போற்றும் பல்வயதுக் குழு, சகமாணவர் துணை, நெகிழ்வான இருக்கை ஆகிய அனைத்தும் அங்கே இருந்தன. ஆயினும் அது எவராலும் புதுமை எனக் கொண்டாடப்படவில்லை. ஏனெனில் அது தேர்ந்து கொண்ட வெளியன்று. வறுமை விட்டுவைத்த வெளி.

திண்ணையும் மதராஸ் முறையும்

இக்கூடத்தின் மூதாதையைத் தமிழகத்துத் திண்ணைப் பள்ளியில் காணலாம். அங்கே மாணவர் மணலில் விரலால் எழுதினர். முன்னேறிய மாணவன் சட்டாம்பிள்ளையாகி இளையோருக்குச் சொல்லிக் கொடுத்தான். 1789-இல் சென்னையில் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரு பெல் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குரு, நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதனைத் தம் விடுதியில் கையாண்டார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அங்கே வளர்த்தார். 1797-இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியே அது ‘மதராஸ் முறை’ எனப் பெயர்பெற்றது.

ஆனால் பயணத்தில் அம்முறையின் இயல்பு மாறியது. திண்ணையில் ஆசிரியர் கண்ணுக்கும் கைக்கும் எட்டும் தொலைவில் அமர்ந்த சிலருக்கு உரியதாயிருந்த ஏற்பாடு, இங்கிலாந்தில் ஓர் ஆசிரியரின்கீழ் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை ஒரே மண்டபத்தில் அடக்கும் வழியாயிற்று. குறைந்த செலவே அதன் பெருஞ்சிறப்பாகப் பேசப்பட்டது. பின்னர் அந்நாடே அம்மண்டபங்களைக் கைவிட்டுத் தனித்தனி வகுப்பறைகளுக்குச் சென்றது. திண்ணையின் வரலாறு தரும் பாடம் தெளிவானது. ஒரே திறந்த வெளி, சிலரை ஆசிரியர்க்கு அருகில் கொண்டுவரவும் உதவும். பலரை மலிவாக அடைக்கவும் உதவும். சுவர் இல்லை என்பதைக் கொண்டு மட்டும் அது எவ்வகையது எனக் கூற இயலாது.

அறை தந்த மானம்

இவ்வரலாற்றை அறிந்தோர்க்கு, மலேசியத் தமிழர் ஏன் அறையை விரும்பினர் என்பது விளங்கும். பேராக்கின் சுங்கை சிப்புட்டில் வீ. தி. சம்பந்தனாரின் முயற்சியால் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலையை 1954-ஆம் ஆண்டு விஜயலட்சுமி பண்டிட் திறந்துவைத்தார். அத்தகைய கட்டடம் ஒரு கல்விக்கூடமாக மட்டுமன்றி, கூலியின் பிள்ளைக்கும் கல்லும் சுண்ணாம்பும் உரியன என்னும் அறிவிப்பாகவும் திகழ்ந்தது. அதன் பின்னர் ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் கேட்டது ஆண்டுக்கு ஓர் அறை, அறைக்கு ஓர் ஆசிரியர், கதவுக்கு ஒரு பெயர்ப்பலகை. அக்கோரிக்கையைப் பழைமை எனத் தள்ளுவது பிழை. அறை என்பது அம்மக்களுக்கு ஓசையிலிருந்து விடுதலை. ஆறு வகுப்பும் ஓராசிரியரின் தலையில் விழுந்த காலத்திலிருந்து விடுதலை.

எனவே, ‘சுவர்களை அகற்றுவோம்’ என இன்று ஒருவர் கூறும்போது ஒரு மூத்த ஆசிரியரின் முகம் வாடுமாயின் அது அறியாமையால் அன்று. பட்டறிவு காட்டும் எச்சரிக்கை அது. திறந்த வெளியை முன்மொழிவோர் அவ்வெச்சரிக்கைக்கு விடை கூறிய பின்னரே தம் வரைபடத்தை விரிக்க வேண்டும்.

மாறிய பாடத்திட்டமும் மாறாத அறையும்

மறுபக்கத்து உண்மையும் உண்டு. 1983 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த கே.பி.எஸ்.ஆர். எனப்பட்ட புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம், மாணவரைத் திறனுக்கேற்பக் குழுக்களாகப் பிரித்து, குறைநீக்கல், வளப்படுத்தல் நடவடிக்கைகளை நடத்துமாறு ஆசிரியரைப் பணித்தது. 2014-இல் தொடங்கிய 21-ஆம் நூற்றாண்டுக் கற்றல் முறையும் குழுவாக உரையாடுதல், படைத்தல், கலந்து சிந்தித்தல் ஆகியவற்றையே வேண்டியது. முப்பது ஆண்டு இடைவெளியில் கல்வித்துறை இருமுறை குழு முறையை வலியுறுத்தியது. கட்டடமோ இருமுறையும் பழைய வடிவிலேயே நின்றது. முன்னே பலகை, பின்னே சுவர், பக்கத்தில் தாழ்வாரம் என அமைந்த அறையில் மேசைகளைக் குழுவாகத் திருப்பினால் பாதிப் பிள்ளைகளின் முதுகு பலகையை நோக்கும். ஆசிரியர் நடமாட வழியிராது. சில கிழமைகளில் மேசைகள் மீண்டும் வரிசைக்குத் திரும்பிவிடும். இதனை ஆசிரியரின் ஊக்கக் குறைவு எனல் எளிது. அறையின் வடிவமும் ஒரு பாடத்திட்டமே என்பதை உணர்ந்தோர் அவ்வாறு கூறார்.

மாணவர் தொகை இதனினும் கூர்மையான வினாவை எழுப்புகிறது. 1957-இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன; இன்று இருப்பவை 520-க்குச் சற்று மேற்பட்டவை. அவற்றுள் பெரும்பாலானவை 150-க்கும் குறைவான மாணவரைக் கொண்ட சிறு பள்ளிகள். மிகச் சிறிய பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவரை ஒரே வகுப்பில் சேர்த்து நடத்த நேர்கிறது. ஆண்டுக்கு ஓர் அறை என்னும் கட்டடம், அறைக்கு முப்பது பேர் உண்டு என்னும் நம்பிக்கையில் பிறந்தது. ஆறேழு பேர் மட்டும் அமரும் அறையில் அந்நம்பிக்கை பொய்க்கிறது. ஆறாண்டுகள் அதே சில முகங்களை மட்டும் பார்த்து வளரும் பிள்ளைக்கு உரையாடலும் போட்டியும் தோழமையும் சுருங்கிவிடுகின்றன. பெருநகரத்துச் செல்வப் பள்ளிகளுக்கு ஓர் அழகாக இருக்கக்கூடிய திறந்த வெளி, சிறு தமிழ்ப்பள்ளிக்குத் தேவையாகவே இருக்கிறது.

சுவரை நீக்கியோர் கண்டவை

இத்தகைய சிறு பள்ளிக்கென நன்கு சிந்தித்துக் கட்டிய கட்டடம் ஒன்று 1959-இல் இங்கிலாந்தின் ஃபின்மியர் என்னும் சிற்றூரில் திறக்கப்பட்டது. டேவிட் மெட், மேரி மெட் என்னும் கட்டடக்கலைஞர் இணையர், ஏறக்குறைய ஐம்பது பிள்ளைகளுக்கும் இரண்டு ஆசிரியருக்கும் அதனை வடிவமைத்தனர். மடக்கும் தடுப்புகளைத் திறந்தால் பள்ளி முழுவதும் ஒரே வெளியாகும்; மூடினால் தனித்தனி இடங்களாகும். சாளரத்தை ஒட்டிய இருக்கை, படிப்பதற்கான சிறு மூலை, கைவேலை செய்யும் இடம் என ஒவ்வொரு செயலுக்கும் ஒரு தகுந்த இடம் அதில் அமைந்தது. பிள்ளைகளும் ஆசிரியரும் ஒரு நாளில் செய்வனவற்றை உற்றுநோக்கிய பின்னரே அவர்கள் கோடு வரைந்தனர் என்பதே அக்கட்டடத்தின் பெருமை.

பின்வந்தோர் பலர் அந்நோக்கத்தை விடுத்து அதன் தோற்றத்தை மட்டும் பின்பற்றினர். 1960-களின் இறுதியிலும் 1970-களிலும் அமெரிக்காவில் உள்சுவரே இல்லாத பள்ளிகள் பல எழுந்தன. ஆசிரியருக்கு அவ்வெளியில் கற்பிக்கும் பயிற்சி பல இடங்களில் அளிக்கப்படவில்லை. ஓசை தாங்க இயலாமல் ஆசிரியர்கள் நிலைப்பேழைகளையும் பலகைகளையும் நிறுத்தித் தாமே சுவர் எழுப்பிக் கொண்டனர். காலப்போக்கில் உண்மைச் சுவர்களும் திரும்பின.

சப்பானில் தோக்கியோவை அடுத்த தச்சிக்காவாவில், தெசுகா இணையர் வடிவமைத்து 2007-இல் நிறைவுற்ற ஃபூஜி மழலையர் பள்ளி இன்று உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. முட்டை வடிவில் வளைந்த அக்கட்டடத்தின் கூரைமேல் பிள்ளைகள் சுற்றி ஓடுகின்றனர். கூரையைத் துளைத்து மரங்கள் எழுந்து நிற்கின்றன. வகுப்புகளுக்கிடையே நிலையான சுவர் இல்லை. ஓசையும் பிள்ளைக்கு இயல்பான சூழலே என்பது அதனை அமைத்தோரின் துணிபு. மழலையர்க்கு அத்துணிபு பொருந்தலாம். எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கும் அது பொருந்தும் எனக் கொள்வது பொருத்தமற்ற ஒப்பீடாகும்.

தமிழ் கற்பிப்போர் இவ்விடத்தில் சிறிது நின்று எண்ண வேண்டும். லகர ளகர ழகரங்களையும், ரகர றகரங்களையும், நகர னகர ணகரங்களையும் பிரித்தறிவது முதலில் செவியின் வேலை. நாவின் வேலை பிறகு. வீட்டில் பேச்சுத் தமிழும், தெருவில் மலாயும் சீனமும், தொலைக்காட்சியில் ஆங்கிலமும் கேட்கும் பிள்ளைக்குத் திருந்திய தமிழோசை கிடைக்கும் இடம் பெரும்பாலும் பள்ளி ஒன்றே. பின்னணி இரைச்சலைவிட ஆசிரியர் குரல் குறைந்தது 15 டெசிபல் உயர்ந்திருக்க வேண்டும் என ஒலியியலார் வகுப்பறைக்கு அளவு வகுத்துள்ளனர். பெரியோர் அரைகுறையாகக் கேட்ட சொல்லையும் பழக்கத்தால் நிரப்பிக் கொள்வர். சிறுவர்க்கு அத்திறம் இன்னும் வளர்ந்திராது. ‘வாளை’ எனச் சொன்னது ‘வாலை’ எனக் கேட்குமாயின், பிழை பிள்ளையின் ஏட்டில் பதிவாகும்; அதன் வேர் கூரையில் இருக்கும்.

சுவரை இடிக்காத ஒரு வழி

சுவரை இடியாமலே வெளியைத் திறந்த முயற்சியும் தமிழர்க்கு அருகிலேயே உண்டு. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்தைத் தழுவி, 2003-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அப்போதைய ஆணையர் எம். பி. விஜயகுமாரின் முயற்சியால் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. 2007-2008 கல்வியாண்டில் அது தமிழகத்து அரசு தொடக்கப்பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு ஏணிப்படிபோல் வரிசைப்படுத்தப்பட்டது. ஆசிரியரும் மாணவரும் தரையில் வட்டமாக அமர்ந்தனர். சுவரின் அடிப்பகுதியில் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை ஓடியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஓரிடம் உண்டு. தலைக்குமேல் கட்டிய கம்பிப் பந்தலில் பிள்ளைகளின் படைப்புகள் தொங்கின. வெவ்வேறு வகுப்பினர் ஓரறையில் கலந்து தத்தம் விரைவில் முன்னேறினர்.

அம்முறையின்மேல் குறைகளும் கூறப்பட்டன. அட்டை இருந்தும் அதனை வழிநடத்த ஆசிரியர்க்கு நேரமில்லாத வகுப்பில், பிள்ளை ஏணியில் தனித்து விடப்பட்டது. பின்னாளில் அதன் இடத்தில் வேறு முறைகள் வந்தன. எனினும் கட்டடத்தைப் பொறுத்தமட்டில் அது நிறுவிய உண்மை நிலைக்கும். அங்கே மாறியது சுவரின் இருப்பன்று, சுவரின் உரிமை. ஆசிரியருக்கு மட்டும் உரியதாய் உயரத்தில் இருந்த பலகை, பிள்ளையின் உயரத்திற்கு இறங்கி வந்தது. பெருஞ்செலவில் எழுப்பிய பல திறந்த கூடங்கள் செய்யாததை, ஒரு வாளி கறுப்புச் சாயம் செய்தது.

காம்பார் மண்ணில்

இவற்றைக் கொண்டு காம்பாரில் ஒரு தமிழ்ப்பள்ளியை எண்ணிப் பார்க்கலாம். கிழக்கே மலை, சுற்றிலும் ஈயம் தோண்டி விட்டுச்சென்ற குட்டைகள், பழைய சுரங்க நிலத்தில் 2007 முதல் இயங்கும் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழக வளாகம். 1985-இல் ஈய விலை வீழ்ந்த பின் சோர்ந்த நகரத்துக்குக் கல்வியே புத்துயிர் தந்தது எனலாம். முற்பகலில் வெப்பமும் பிற்பகலில் இடியுடன் கூடிய மழையும் அவ்வூரின் இயல்பு. இந்நிலத்தில் நான்கு புறமும் கண்ணாடி பதித்த கூடம் குளிர்பதனப் பொறியின்றி இயங்காது. அதன் மின்கட்டணத்தைச் சிறு பள்ளி தாங்காது. காற்றுக்காகத் திறந்து வைத்தாலோ நெடுஞ்சாலை இரைச்சலும் மழையோசையும் உள்ளே வரும்.

அவ்வூரின் பழைய கடைத்தெருவிலேயே இதற்கொரு குறிப்பு உள்ளது. கடைவீடுகளின் முன்னே ஓடும் ஐந்தடி நடை, உள்ளும் அன்று, புறமும் அன்று. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கிய நிழல். தமிழ்நாட்டுத் திண்ணையும் அத்தகையதே. இன்றைய பள்ளித் தாழ்வாரம் நடந்து செல்வதற்கு மட்டும் பயன்படுகிறது. அதனை மூன்று மீட்டர் அகலமாக்கி, ஓரமாகத் திண்ணை கட்டி, தாழ்ந்த இறவாரத்தால் சாரலைத் தடுத்தால், ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு திறந்த வெளி கிடைத்துவிடும். உள்ளே இரண்டிரண்டு ஆண்டுகளுக்கு ஓர் இணை அறையாக மூன்று இணைகள் அமையலாம். இணைகளின் நடுத்தடுப்பு மடங்க வேண்டும். மூடும்போது தரையும் கூரையும் தொட்டு ஓசையை மெய்யாகவே தடுக்க வேண்டும். தகட்டுக் கூரையின்கீழ் மழையோசையை அடக்கும் காப்பு வேண்டும். மாடியின் கடைசியில் பூட்டிக் கிடக்கும் நூலகம், எல்லாப் பிள்ளையும் நாள்தோறும் கடந்து செல்லும் நடுவிடத்திற்கு வர வேண்டும். தடித்த சுவர்களுடன் அமைதியான ஓர் அறையேனும் வேண்டும். வாசிப்பும் உச்சரிப்பும் கேட்டலும் அங்கே நடைபெறும்.

இவற்றினும் முதன்மையானது ஒன்று உண்டு. அக்கட்டடத்தில் கற்பிக்கப் போகும் ஆசிரியர், கோடு வரையும் நாளிலேயே கட்டடக்கலைஞரின் பக்கத்தில் அமர வேண்டும். திறப்பு விழா முடிந்தபின் தடுப்பை எப்போது திறப்பது, எப்போது மூடுவது எனத் தெரியாத ஆசிரியரிடம் கட்டடத்தை ஒப்படைத்தால், அமெரிக்கப் பள்ளிகளின் நிலைப்பேழைச் சுவர் காம்பாரிலும் எழும். இரண்டு ஆசிரியர் இரண்டு ஆண்டு மாணவரைக் கூடிக் கற்பிக்கும் ஏற்பாட்டை, ஆசிரியர் பற்றாக்குறைக்குச் சாக்காக நிர்வாகம் பயன்படுத்தலும் ஆகாது. தடுப்பைத் திறந்தவுடன் ஓராசிரியரைக் குறைத்துவிட்டால், அது பழைய தோட்டத்துக் கொட்டகையே, கூரைமட்டும் புதிது.

ஆதலின் அறையா, வெளியா என்னும் வழக்கில் முழு வெற்றி எப்பக்கத்துக்கும் இல்லை. அறையைக் கேட்ட தலைமுறை, தன் பிள்ளை தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காகவே அதனைக் கேட்டது. வெளியைக் கேட்கும் தலைமுறை, பிள்ளை தானும் பேச வேண்டும் என்பதற்காகக் கேட்கிறது. நல்ல கட்டடம் இரண்டுக்கும் இடம் தரும். புதிய பள்ளியின் வரைபடம் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் மேசைக்கு வரும் நாளில், முகப்பின் அழகையும் மாடிகளின் எண்ணிக்கையையும் பார்ப்பதற்கு முன், ஒரு மூலையில் விரல் வைத்து ஒரு வினாவைக் கேட்டல் தகும்: பிற்பகல் மூன்று மணிக்கு மழை பெய்யும்போது, இம்மூலையில் அமரும் பிள்ளைக்கு ழகரம் கேட்குமா?